சுவரில்லா வீடும் சுவருள்ள நெஞ்சும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே சமோவா என்றொரு தீவுக்கூட்டம். அங்கே சுவர் இல்லாத வீடுகளில் மக்கள் வாழ்ந்தனர். இன்றும் ஊர்ப்புறங்களில் அத்தகைய வீடுகள் நிற்கின்றன. கல் அடுக்கி உயர்த்திய மேடை. மேடையின் விளிம்பைச் சுற்றி மரத்தூண்கள். தூண்களின்மேல், கவிழ்த்து வைத்த ஓடம்போல வளைந்து இறங்கும் கூரை. அந்தக் கூரைக்குக் கரும்புத் தோகை வேய்ந்திருப்பர். அவ்வளவுதான் வீடு! கதவு இல்லை, கதவு இல்லாமையால் தாழ் இல்லை, தாழ் இல்லாமையால் திறவுகோலைத் தொலைத்துவிட்டுத் தேடும் தொல்லையும் இல்லை. மழை சாய்ந்தடிக்கும்போது, தென்னங்கீற்றில் முடைந்த தட்டிகளைத் தூண்களுக்கிடையே இறக்கி விடுவர். மழை விட்டதும் மேலே ஏற்றிக் கட்டி விடுவர். ஃபாலே என்பது அந்த வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர்.

பழைய முறையில் ஆணி ஒன்றுகூட அடிப்பதில்லை. தேங்காய் நாரைப் பின்னிய கயிற்றால்தான் தூணும் விட்டமும் கைமரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. ஓர் எளிய வீட்டுக்கே 30,000 முதல் 50,000 அடி நீளக் கயிறு வேண்டும் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே, மாதக்கணக்கில் அந்தக் கயிற்றைப் பின்னுவர். நம் ஊர் மன்றங்களில் பேச்சு மட்டுமே நீளும். அங்கே பேச்சோடு கயிறும் நீண்டது! மாவோரி வழிவந்த அறிஞர் தெ ரங்கி ஹிரோவா, 1930-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தக் கட்டுமானத்தைக் கணுக்கணுவாக விளக்கியிருக்கிறார். காட்டுமிராண்டிகள் என்று வெள்ளையர் எள்ளிய மக்களின் கைத்திறன் இது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த வீட்டைக் கண்டதும் நெஞ்சு துள்ளுகிறது. சுவர் இல்லாத வீடு என்றால் சூது இல்லாத வாழ்வு அன்றோ? மறைப்பு இல்லாத இடத்தில் வேறுபாடு ஏது? உள்ளே, வெளியே என்ற பிரிவே இல்லாத ஊரில் உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்ற பிரிவு எப்படி முளைக்கும்? மேனாட்டுப் பயணிகள் பலர் இப்படித்தான் மயங்கினர்; மனிதகுலத்தின் மாசற்ற குழந்தைப் பருவத்தைக் கண்டுவிட்டதாகப் புகழ்மாலை சூட்டினர். நாமோ, மாலை சூட்டும் முன்னர், அந்த வீட்டுக்குள் யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று பார்க்க விழைகிறோம்.

பார்த்தால் தெரிகிறது, தூண்தான் அங்கே சுவர் என்பது.

ஊர் அவை கூடும்போது, ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு பட்டத்துக்கு உரியது. வீட்டின் வளைந்த இரு முனைகளிலுள்ள தூண்கள் பெருந்தலைவர்க்கு. முன்புறத் தூண்கள், துலாஃபாலே எனப்படும் அவைப் பேச்சாளர்க்கு. பின்புறம், ‘ஆவா’ என்னும் சடங்குக் குடிநீரைக் கலந்து கொடுப்பவர்க்கு. தலைவன் தனக்குரிய தூணில் முதுகைச் சாய்த்து, சம்மணமிட்டு அமர்வான். குடும்பத் தலைமைப் பட்டம் பெற்றவர்க்கு மாத்தாய் என்று பெயர். பட்டம் இல்லாத இளைஞனுக்குத் தூண் இல்லை. அவன் பணிவிடை செய்வான், கூப்பிட்டால் வருவான். கல்மேடையின் உயரம்கூட அதன்மேல் வாழ்பவனின் தகுதியைச் சொல்லும். காற்று தடையின்றி நுழைகிறது. கதிரவன் தடையின்றி நுழைகிறான். பட்டமில்லாத மனிதன் மட்டும் தன் இடம் அறிந்து நிற்கிறான்.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சமோவா 1962-இல் விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாட்டில் வாக்குரிமை யாருக்கு? ஐரோப்பியக் கலப்பு வழியினர்க்கென ஒதுக்கிய ஓரிரு இடங்கள் நீங்கலாக, மாத்தாய் பட்டம் பெற்றவர்க்கு மட்டுமே! 1990-இல் பொதுவாக்கெடுப்பு நடத்திய பிறகே, 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை கிட்டியது. வேட்பாளராக நிற்க இன்றும் மாத்தாய் பட்டம் வேண்டும். ஆக, அங்கே வாக்குச்சாவடி வரையில் தூண் நீண்டு நிற்கிறது.

சமோவாவை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அங்கே நாம் வியந்து நின்ற செய்தி ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். வீடு கட்டும் தச்சர்கள் துஃபுங்கா எனப்பட்டனர். அவர்களுக்கெனத் தொழிற்குழு இருந்தது. கூலி நாள் கணக்கில் பேசப்படுவதில்லை; உணவும் உயர்ந்த பாய்களும் தவணை தவணையாக வரவேண்டும். வராவிட்டால், அல்லது மதிப்புக் குறைவாக நடத்தினால், தச்சர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவர். எத்தனை பெரிய தலைவன் வீடாயினும் சரி, அந்த அரைகுறை வீட்டை முடித்துத்தர வேறெந்தத் தச்சனும் வரமாட்டான். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பல்லாண்டு தங்கிய ஜார்ஜ் டர்னர் என்னும் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். தொழிற்சங்கம் என்ற சொல்லே அறியாத தீவில் தொழிற்சங்கத்தின் உயிர்! நம் நாட்டிலே கோபுரம் கட்டிய சிற்பியின் வழிவந்தோர் பலர், அந்தக் கோபுர வாசலை அண்ட முடியாமல் நின்றனர் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்து மேலே செல்வோம்.

பொலினீசியத் தீவுகள் அனைத்திலும் வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டுமன்று. நியூசிலாந்தின் மாவோரி மக்கள், ஊர்ப் பொதுவீட்டை முன்னோன் ஒருவனின் உடலாகவே கருதுகின்றனர். கூரையின் முகட்டு மரம் அவன் முதுகெலும்பு. கைமரங்கள் அவன் விலா எலும்புகள். வீட்டுக்குள் நுழைவோர் அந்த முன்னோனின் நெஞ்சுக்குள் நுழைகின்றனர். கவிதையாகக் கேட்டால் இனிக்கிறது. எனினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நெஞ்சுக்குள் எல்லோருக்கும் இடம் உண்டா?

ஹவாய்த் தீவில் இடம் இல்லை. அல்லது, இடம் இருந்தும் ஒன்றாக இல்லை. அங்கே ஆடவர் உண்ணத் தனி வீடு, பெண்டிர் உண்ணத் தனி வீடு. பன்றி இறைச்சியும் வாழைப்பழமும் தேங்காயும் பெண்ணுக்கு விலக்கு. மீறினால் தண்டனை சாவு. ‘கப்பு’ என்பது அந்தத் தடைக்குப் பெயர். கடவுளர் விதித்தது என்பது அதற்குக் காவல். 1819-ஆம் ஆண்டு முதலாம் கமேஹமேஹா மன்னன் மறைந்தான். அரசியர் இருவர், காஅஹுமனுவும் கெயோபுவோலானியும், புதிய மன்னனாகிய இளைஞன் லிஹோலிஹோவை நெருக்கினர். அந்த ஆண்டின் இறுதியில் ஒரு விருந்து. மன்னன் எழுந்தான், பெண்டிர் பந்திக்குச் சென்றான், அமர்ந்தான், உண்டான். கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது. இடி விழவில்லை. கடல் பொங்கவில்லை. மன்னன் அடுத்த கவளத்தையும் உண்டான்! தடை தகர்ந்தது, கோயில் உருவங்கள் எரிந்தன, எதிர்த்து எழுந்த கலகமும் அடங்கியது. கிறித்தவப் பாதிரிமார் அங்கே வந்து இறங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1820-இல். வெளியார் வந்து அறிவூட்டவில்லை. வீட்டுக்குள்ளிருந்தே, அதுவும் பெண்களின் நெருக்கத்தால், அந்த வேலி வீழ்ந்தது.

அதற்கு நூறாண்டுக்குப் பின்னரும் நம் நாட்டில் என்ன நிலை? சேரன்மாதேவிக் குருகுலத்தில், தேசத் தொண்டர்களை உருவாக்குவதாகச் சொல்லிப் பொதுமக்கள் பணத்தில் நடந்த கூடத்தில், பார்ப்பனச் சிறுவர்க்குத் தனி இடத்தில் உணவு! 1924, 1925-ஆம் ஆண்டுகளில் மூண்ட அந்தப் பூசலை நம் இளைஞர்கள் அறிவர். ஹவாய் மன்னனுக்கு ஒரு விருந்து போதுமாயிருந்தது. இங்கே பல்லாண்டுக் கிளர்ச்சி வேண்டியிருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். இத்தனை தொலைவு கடல் கடந்ததும், நம் வாசலில் நிற்கும் வீட்டைப் புதுக்கண்ணால் காணத்தானே!

வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையே எழுந்து நிற்கிறது ஏலகிரி. அங்கே காலம் காலமாக வாழ்பவர் மலையாளி மக்கள். பெயரைக் கேட்டதும் கேரளத்தாரை எண்ணிவிட வேண்டா. மலையை ஆள்பவர், தமிழ் பேசுபவர். வட ஆர்க்காடு, தருமபுரி, சேலம் உள்ளிட்ட பழைய மாவட்டங்களின் மலைகளில் வாழும் இவர்கள், அரசுப் பட்டியலில் அட்டவணைப் பழங்குடியினர். இவர்களின் பழைய வீடு எளியது. மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் மண் பூசி, புல் வேய்ந்த கூரை போட்ட குடில். கூரை தாழ இறங்கும். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பரண், பரணில் சாமையும் கேழ்வரகும். காட்டில் கிடைத்த பொருளால், அண்டை அயலார் கைகோத்து எழுப்பிய வீடு. சமோவாவின் ஃபாலேவுக்கு அது தூரத்து உறவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

இம்மக்கள் மலையேறிய கதையொன்று, பக்கத்து மலையாம் சவ்வாது மலையைச் சார்ந்து வழங்கி வந்தது. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் ‘தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும்’ என்னும் தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. கேளுங்கள். கங்குந்தி வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினங்கொண்ட வேடர், ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றனர். மீட்கப் புறப்பட்டனர் ஏழு வேளாளர், ஏழு நாய்களுடன். ‘நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் மாண்டதாகக் கொண்டு ஈமக்கடன் முடித்துவிடுங்கள்’ என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றிலே பெருவெள்ளம். ஆடவர் எப்பாடுபட்டோ கடந்தனர். நாய்களோ பாதி ஆறு நீந்தி, முடியாமல் திரும்பிக் காஞ்சிக்கே போய்ச் சேர்ந்தன. வேடரை வென்று ஆடவர் வீடு திரும்பியபோது, வீட்டில் அவர்கள் இறந்து போயிருந்தனர்! சடங்கு முடிந்துவிட்டது, மனைவியர் கைம்பெண்களாகிவிட்டனர். செத்தவன் திரும்பி வந்தால் சாதியில் இடமில்லை. வேறு வழியின்றி அந்த ஆடவர் வேடர் குலப் பெண்களையே மணந்து, மலையேறி, உழுது பிழைத்தனர்.

இது வரலாறு என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் ஒரு சமுதாயம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை, அதன் நெஞ்சைக் காட்டும் கண்ணாடி. வாசலில் மனிதன் நிற்கிறான், கண்ணால் காண்கிறார்கள், குரலைக் கேட்கிறார்கள். ஆயினும் வீடு சொல்கிறது, ‘நீ இறந்துவிட்டாய்’ என்று. உயிருள்ள மனிதனின் வாய்ச்சொல் செல்லாது. நாயின் வருகையும் சடங்கின் முடிவும் செல்லும்! காஞ்சிபுரத்து வீட்டுக்குச் சுவரும் கதவும் இருந்திருக்கும். கதவு திறந்தே கிடந்திருந்தாலும் அந்த ஆடவர் உள்ளே போயிருக்க முடியாது. சடங்கு எழுப்பிய சுவருக்கு வாசல் வைப்பதில்லை.

இன்னுமொன்று. அந்த மனைவியர் என்ன ஆயினர்? கணவன் வாசலில் உயிரோடு நிற்க, உள்ளே தாலி அறுத்துக் கிடந்த ஏழு பெண்கள்! தூக்கிச் செல்லப்பட்ட ஏழு கன்னியர் எங்கே போயினர்? கதை வாய் திறக்கவில்லை. ஆண்களின் மானத்துக்காகப் புறப்பட்ட கதையாதலின், பெண்கள் வழியில் உதிர்ந்துபோவது அதற்குப் பெரிதாகத் தோன்றவில்லை போலும்.

மலையேறியவர்க்கு நிலமாவது சொந்தமாயிற்றா? ஏலகிரி மலை முழுவதும் ஒரு ஜமீன் குடும்பத்தின் உடைமையாக இருந்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. 1950-களின் தொடக்கத்தில் மலை அரசின் வசம் வந்தது. அதுவரை, தன் கையால் கட்டிய குடிலில், பிறர் மண்ணில் வாழ்ந்தவரே மலையாளர்.

இன்று ஏலகிரிக்குப் போகும் சாலையில் 14 கொண்டையூசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள், நல்ல எண்ணந்தான். பாரியைத் தாண்டி, பேகனைத் தாண்டி, மலைமேல் போய்ச் சேர்ந்தால் நம்மை வரவேற்பவை ஓய்வு மாளிகைகளின் மதிற்சுவர்களும், ‘அனுமதியின்றி உள்ளே வராதீர்’ என்னும் பலகைகளும்! மயிலுக்குப் போர்வை தந்தவனின் பெயரைக் கடந்து வந்து, மனிதனுக்கு மதில் எழுப்புகிறோம்.

மதிலுக்கு உள்ளே ஒரு வேடிக்கை. செல்வர் விடுதிகளில் சில, புல் வேய்ந்தது போன்ற கூரையும் மண் பூசியது போன்ற சுவரும் அமைத்து, ‘மலைக்குடில்’ என்று பெயரிட்டு வாடகைக்கு விடுகின்றன. மதிலுக்கு வெளியே, உண்மையான குடிலில் பிறந்த மலைமகனோ, ஒழுகாத காரை வீட்டுக்கு அரசிடம் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கிறான். இதைக் கண்டு பண்பாட்டுக் காவலர் வருந்துகின்றனர்: ‘பழைய வீடு போயிற்றே! மண்ணின் மணம் போயிற்றே!’ என்று. அவர்தம் வீட்டுக் கூரையில் புல் முளைத்தால், அன்றே ஆள் வைத்துப் பிடுங்கி எறிவார்கள்!

கூரை வீட்டின் குளிர்ச்சியை நாம் மறுக்கவில்லை. காற்றுக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கட்டும் அறிவு அதில் உண்டு; தகரமும் காரையும் தரமாட்டாத நலம் அது. அந்த அறிவைக் கற்று வைத்துக்கொள்வது பகுத்தறிவே. ஆனால், ஏழை மட்டும் கூரையில் இருந்து பண்பாட்டைக் காக்க வேண்டும் என்பது என்ன அறம்? கூரை வீடு ஏழைக்கு எத்தகைய அரண் என்பதை 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணி நமக்குக் காட்டியது. ஒரு சிறு குடிசை, அதற்குள் ஒதுங்கிய 44 உயிர்கள், வெளியே தீ.

சுவர் பற்றியும் அப்படியே. சுவரே தீது என்று சொல்ல வரவில்லை நாம். உறங்கவும் படிக்கவும் நோயில் கிடக்கவும் மனிதனுக்கு மறைவு வேண்டும். எட்டுப் பேர் ஓர் அறையில் வாழும் குடும்பத்தின் பெண்ணைக் கேளுங்கள், ஒரு சுவரின் அருமை என்ன என்று. தன்னைக் காக்க எழுப்பும் சுவர் வேறு. பிறனைத் தள்ள எழுப்பும் சுவர் வேறு. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-இல் எழுந்த சுவர், இரண்டாவது வகை. 2008 மே 6 அன்று, அரசு அதன் ஒரு பகுதியை இடித்து வழிவிட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 விடியலில், மாளிகை ஒன்றின் உயர்ந்த மதில் மழையில் சரிந்து, அடுத்திருந்த ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் விழுந்தது. 17 பேர் மாண்டனர். அந்த மதில் ஏன் அத்தனை உயரம் எழுந்தது என்பது, கொத்தனாரைக் கேட்டு விடை காணும் கேள்வியன்று.

மலையடிவாரத்து ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டுக் காலணி தைக்கிறார்கள். ஐரோப்பியக் கடைகள் வரை அது போகிறது. காலணியை வாசலில் கழற்றி வைப்பது நம் வழக்கம். தூய்மை கருதிய வழக்கம், போகட்டும். தோலைத் தொட்ட கையையும் வாசலிலேயே நிறுத்தி வைத்தோமே, அது எந்தத் தூய்மை கருதி? சாதிவாரித் தெருவை மாற்றிக் கலந்து குடியமர்த்தும் சமத்துவபுரம், 1998-இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் தொடங்கியது. ஊருக்கு 100 வீடு. அடுத்தடுத்த வீட்டில் எல்லாச் சாதியும். அரசு சுவரை ஒட்டிச் சுவர் வைத்துத் தர முடிந்தது. ஒருவர் வீட்டு அடுப்பில் மற்றவர் கை படுவது, அரசாணையில் அடங்கும் செய்தியன்று. அங்கே வாழும் இளைஞர் கையில் இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பின், வீட்டுக்கு உள்ளேயே நிற்கும் சுவரைச் சொல்லாமல் விடலாகாது. நம் மொழியைப் பாருங்கள். மனைவிக்கு இல்லாள் என்று பெயர். இல்லத்தை ஆள்பவள் என்று பொருள் சொல்லிப் பூரிக்கிறோம். இல்லான் என்றாலோ ஒன்றுமில்லாதவன்! இத்தகைய பெருமையைப் பெண்ணுக்குத் தந்த மொழி என்று மேடையில் முழங்குகிறோம். அதே மொழியில், அதே இல்லாளின் மாதவிலக்குக்கு நாம் வைத்த பெயர் என்ன? ‘வீட்டுக்குத் தூரம்.’ இல்லத்தை ஆள்பவளை மாதம் மூன்று நாள் இல்லத்துக்குத் தூரமாக்கிய நாட்டில், இல்லாள் என்ற சொல் புகழ்ச்சியா, எள்ளலா?

ஆள்பவள் பெயரில் பட்டா உண்டா என்று கேட்போம். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. சரியாக 60 ஆண்டு கழிந்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமை. காஞ்சிபுரத்து மகளுக்கு உரிமை கிட்டிற்று. மலையேறியவர் மகளுக்கு?

அங்கேதான் இருக்கிறது கண்ணுக்குத் தெரியாத மதில். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் இரண்டாம் பிரிவிலேயே, மைய அரசு தனியே அறிவிக்கை வெளியிட்டாலன்றி அட்டவணைப் பழங்குடியினர்க்கு இது பொருந்தாது என்று கூறிவிட்டது. அவர்தம் வழக்காற்றைக் காப்பதற்கு என்பது அதற்குச் சொல்லும் நியாயம். வழக்காறு என்பது, பல இடங்களில், ஆண்மக்களே வீட்டையும் நிலத்தையும் பங்கிட்டுக்கொள்வது. சமோவத் தூண்போலத்தான் இதுவும்: காணப் பண்பாடு, சாய்ந்து பார்த்தால் பட்டம்! ஏலகிரியில் நிலம் பொன்விலை விற்கிறது. விடுதிக்காரர் தேடி வருகிறார். பத்திரத்தில் கையெழுத்து விழுகிறது. சாமை குத்தியும் சுவர் மெழுகியும் அந்த வீட்டை வீடாக்கிய மகளின் கையெழுத்து எத்தனை பத்திரத்தில் தேவைப்பட்டிருக்கும்?

2023-இல் சென்னை உயர்நீதிமன்றம், பழங்குடிப் பெண்ணுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு மறுக்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. மைய அரசின் அறிவிக்கையைப் பெற முயலுமாறு மாநில அரசையும் பணித்தது. ஏலகிரிக்குச் சுற்றுலா போகும் தோழர்கள், படகுத்துறையில் பொழுதைக் கழித்து முடித்ததும், நிலாவூரிலோ அத்தனாவூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் பாருங்கள். அவள் கேள்விப்பட்டிருக்கிறாளா என்று எங்களுக்கு எழுதுங்கள்.